சிரி வழியே சாட்ஜிபிடி: மூன்று வாசல், மூன்று விதப் பூட்டு

ஐபோனில் ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியிடம் கேட்ட கேள்விக்கு அதனிடம் விடை இல்லாவிட்டால், இதற்கு சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுத் திரையில் ஒரு சிறு பெட்டி வந்து நிற்கும். நாம் சம்மதித்த நொடியில் அந்தக் கேள்வி ஆப்பிளின் பொறுப்பிலிருந்து சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயின் பொறுப்புக்கு மாறுகிறது. இந்த மதிப்புரை அந்தக் கைமாற்றத்தைப் பற்றியது. பதில்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து தரும் ஒரு சேவையை, அந்த இரண்டையும் முழுதாக நம்பாத ஒருவர் எப்படி அமைத்துக்கொள்வது, எந்த இடம்வரை நம்பலாம், எங்கே கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பவைதான் இங்கே பார்க்கப்படுகின்றன.

நம்பாமல் இருப்பது நியாயம்தான். 2024 ஜூன் 10 அன்று ஆப்பிள் இந்தக் கூட்டணியை அறிவித்த அன்றே, இயங்குதள மட்டத்தில் ஓபன்ஏஐ நுழைந்தால் தன் நிறுவனங்களில் ஆப்பிள் கருவிகளைத் தடை செய்வேன் என்று ஈலான் மஸ்க் அறிவித்தார். அவருக்கு எக்ஸ்ஏஐ என்ற சொந்தச் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் இருப்பதால் அந்தப் பேச்சில் வியாபாரப் போட்டியும் கலந்திருக்கிறது. சாதாரணப் பயனரின் அவநம்பிக்கைக்கு வயது அதைவிட அதிகம். அதன் வேரும் வேறு.

2016 செப்டம்பரில் அமேசான், ஃபேஸ்புக், கூகுள், செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனமான டீப்மைண்ட், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகியவை சேர்ந்து, செயற்கை நுண்ணறிவு மக்களுக்கு நன்மை தரும் வழியில் வளர உழைப்போம் என்று சொல்லி 'பார்ட்னர்ஷிப் ஆன் ஏஐ' என்ற அமைப்பைத் தொடங்கின. சில மாதங்களில், 2017 ஜனவரியில், ஆப்பிளும் சேர்ந்தது. மனித உரிமைக் குழுக்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. அவற்றில் ஒன்றான ஆக்சஸ் நவ் 2020 அக்டோபரில் வெளியேறியது. உறுப்பு நிறுவனங்களின் போக்கை இந்த அமைப்பு மாற்றியதாகத் தாங்கள் காணவில்லை என்பது அது சொன்ன முக்கியக் காரணம். டீப்மைண்ட் கதை இன்னும் நேரடியானது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவ அறக்கட்டளை சுமார் 16 லட்சம் நோயாளிகளின் தரவை டீப்மைண்டிடம் கொடுத்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் 2017-இல் முடிவு சொன்னார். மறு ஆண்டே டீப்மைண்டின் மருத்துவப் பிரிவு கூகுளுக்குள் இணைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஒரு பெயரைப் பார்த்து ஒப்புக்கொண்டவர்களின் தரவுக்கு இன்னொரு பெயர் பொறுப்பாளராகிறது. கூட்டணி என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் பின்வாங்க இது போன்ற அனுபவங்கள்தான் காரணம்.

சிரியின் மீதும் ஒரு பழைய கணக்கு உண்டு. சிரி பதிவுகளின் ஒரு பகுதியை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டு மதிப்பிடுகிறார்கள் என்பது 2019 ஜூலையில் வெளிவந்தது. யாரும் கூப்பிடாதபோது தவறுதலாக விழித்துக்கொண்ட சிரி பதிவு செய்த பேச்சுகளும் அவற்றில் இருந்தன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பயனர் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஒலிப்பதிவை வைத்துக்கொள்வது என்று முறையை மாற்றியது. இது தொடர்பான வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 9.5 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொள்ள முன்வந்த செய்தி 2025 ஜனவரியில் வந்தது.

இத்தனையும் தெரிந்த பிறகும், சிரியில் உள்ள சாட்ஜிபிடி இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க வேண்டியதில்லை என்பதே என் முடிவு. அதன் அமைப்பில் சில விஷயங்கள் உண்மையிலேயே நன்றாகச் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிடவும் கூடாது.

முதலில் நிறுவும் முறை. ஐபோன் 15 ப்ரோ, 15 ப்ரோ மேக்ஸ், 16 வரிசை, அதற்குப் பின் வந்தவை, எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சில்லு உள்ள ஐபேட், மேக் ஆகியவற்றில் இது இயங்கும். ஏ17 ப்ரோ சில்லு உள்ள ஐபேட் மினியிலும் இயங்கும். சாட்ஜிபிடி இணைப்பு 2024 டிசம்பர் 11 அன்று வந்த ஐஓஎஸ் 18.2-இல் தொடங்கியது. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்பது ஆப்பிளின் சொந்தச் செயற்கை நுண்ணறிவு வசதிகளின் பெயர்; அதன் மாதிரிகளுக்கு, அதாவது விடையை உருவாக்கும் நிரல்களுக்கு, சுமார் 7 ஜிபி காலி இடம் வேண்டும். கருவியின் மொழியும் சிரியின் மொழியும் ஒன்றாக, ஆதரிக்கப்படும் மொழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 முடியும்வரை அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி செட்டிங்ஸில் இயங்காமல் போவதற்கு இதுதான் காரணம். போனில் பழுது ஏதும் இல்லை.

செட்டிங்ஸைத் திறந்து, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் அண்ட் சிரி என்பதற்குள் போய், கீழே எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் சாட்ஜிபிடியைத் தொட வேண்டும். அங்கே இரண்டு வழிகள் காட்டப்படும்: கணக்கு இல்லாமல் பயன்படுத்துவது, சாட்ஜிபிடி கணக்கோடு நுழைந்து பயன்படுத்துவது. முழு அமைப்பிலும் மிக முக்கியமான முடிவு இதுதான். ஆனால் அதற்கேற்ற எச்சரிக்கை எதுவும் திரையில் இல்லை. இரண்டு பொத்தான்களும் ஒரே சேவைக்குப் போகும் இரண்டு பாதைகள் போலத் தெரிகின்றன. உண்மையில் அவை இரண்டு வேறு ஒப்பந்தங்கள்.

கணக்கு இல்லாமல் போனால், ஆப்பிள் ஓபன்ஏஐயுடன் செய்துகொண்ட ஏற்பாடு நமக்குப் பொருந்துகிறது. நம் ஐபி முகவரி மறைக்கப்படும். கேள்வியை ஓபன்ஏஐ சேமிக்கக் கூடாது. மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தவும் கூடாது. கேள்வியோடும், நாம் இணைத்த படம் அல்லது கோப்போடும் நேர மண்டலம், நாடு, கருவியின் வகை, மொழி, எந்த வசதியிலிருந்து கேட்டோம் என்பன போன்ற சில விவரங்களும் போகும். மோசடித் தடுப்புக்கும் சட்டத் தேவைக்கும் என்று நாம் இருக்கும் இடமும் தோராயமாகத் தரப்படுகிறது என்பதை ஆப்பிளின் தனியுரிமைக் குறிப்பே சொல்கிறது. ஐபி மறைக்கப்படுகிறது என்ற வரியோடு வாசிப்பதை நிறுத்திவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கணக்கோடு நுழைந்தால் அந்த ஏற்பாடு நமக்குப் பொருந்தாது. ஓபன்ஏஐயின் சொந்தக் கொள்கையும், அந்தக் கணக்கில் நாம் வைத்திருக்கும் தெரிவுகளும்தான் செல்லும். சிரி வழியாகக் கேட்டவை சாட்ஜிபிடி வரலாற்றில் போய் உட்காரும். தனிநபர் கணக்குகளில் உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். அதை அணைக்க சாட்ஜிபிடி செயலிக்குள் போய், டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதியில், மாதிரியை எல்லோருக்காகவும் மேம்படுத்துவது என்ற பொருளில் உள்ள சாவியை (இயக்கவும் அணைக்கவும் உள்ள பொத்தானை) திருப்ப வேண்டும். ஐபோனின் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் அந்தச் சாவி கிடைக்காது.

கணக்கோடு நுழைய மக்களைத் தூண்டுவது அளவுக் கட்டுப்பாடு. கணக்கு இல்லாதவர்களுக்கு மேம்பட்ட மாதிரியில் நாளொன்றுக்கு ஒரு வரம்பு உண்டு; அது தீர்ந்ததும் எளிய மாதிரிக்கு மாற்றப்படுவோம். வரம்பு எட்டப்பட்டதா என்பதை அதே செட்டிங்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். அப்போது நுழைந்துவிடலாம் என்று தோன்றும். அன்றைக்கு நான்கு கேள்விகள் கூடுதலாகக் கேட்பதற்காக, இனி வரும் எல்லாக் கேள்விகளின் சட்ட நிலையையும் மாற்றிக்கொள்கிறோம் என்பதை அப்போது நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது அனுமதிச் சாவி. அதே பக்கத்தில் கன்ஃபர்ம் ரிக்வெஸ்ட்ஸ் என்று இருக்கும், இயல்பாக இயக்கத்தில் இருக்கும், அப்படியே விடுங்கள். அதை அணைத்தால் சிரி தானே முடிவு செய்து கேள்வியை அனுப்பிவிடும். படங்களும் கோப்புகளும் போகும்போது மட்டும் கேட்கும். இதில் ஒரு இடைவெளி உண்டு: "ஆஸ்க் சாட்ஜிபிடி" என்று தொடங்கிப் பேசினால் சாவி இயக்கத்தில் இருந்தாலும் உறுதி கேட்கப்படாது, பெயரைச் சொன்னதே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். தர்க்கம் சரிதான். ஆனால் பழக்கமாகிவிட்டால் எல்லாக் கேள்வியையும் அப்படியே தொடங்குவோம். பெட்டி கேட்டிருந்தால் நிறுத்தியிருக்கக்கூடிய கேள்விகளும் போய்விடும். பெயர் சொல்லாமல் கேட்பதே நல்லது. சிரியால் முடிந்ததை அது செய்யட்டும், முடியாதபோது கேட்கட்டும். இணைப்பே வேண்டாம் என்பவர்கள் அதை நிறுவாமல் விட்டால் போதும். நிறுவச் சொல்லி வரும் பரிந்துரைகளை நிறுத்த அங்கேயே தனிச் சாவி இருக்கிறது.

இனி பூட்டுகள். சிரி என்ற ஒரே பெயருக்குப் பின்னால் மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றையும் காப்பது ஒரே வகைப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. விளம்பரமும் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கிறது.

முதல் இடம் போனுக்குள்ளேயே. சுமார் 300 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாதிரி ஒன்று கருவியில் இயங்குகிறது. எழுத்தைத் திருத்துவது, சுருக்குவது போன்ற பல வேலைகள் இங்கேயே முடிகின்றன. எதுவும் வெளியே போகாததால் இங்கே யாரையும் நம்பவேண்டிய அவசியம் மிகக் குறைவு. விமானப் பயன்முறையில் வைத்துப் பார்த்தாலே எது உள்ளுக்குள் நடக்கிறது, எது வெளியே போகிறது என்பது பெருமளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம் ஆப்பிளின் பிரைவேட் கிளவுட் கம்ப்யூட். இந்த மதிப்புரையில் நான் மனமாரப் பாராட்டும் பகுதி இதுதான். ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளில் இயங்கும் சர்வர்களை வைத்திருக்கிறது. கேள்விக்கு விடை தந்ததும் தரவு அழிக்கப்படும். எதுவும் நிரந்தரமாகச் சேமிக்கப்படாது. ஆப்பிளின் பொறியாளர்களே தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து பார்க்க முடியாதபடி அந்த வாசல் மென்பொருளிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. கேள்விகள் வெளி நிறுவனம் ஒன்றின் இடைநிலை வழியாகச் செல்வதால், குறிப்பிட்ட ஒருவரின் கேள்வியைக் குறிப்பிட்ட சர்வருக்குத் திருப்பிவிடுவதும் கடினம். இவை எல்லாம் வாய்மொழியாக நின்றிருந்தால் பாராட்ட எதுவும் இல்லை. சர்வரில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளின் கைரேகையும், அதாவது அதை மட்டும் அடையாளம் காட்டும் குறியும், பொதுப் பதிவேட்டில் ஏற்றப்படுகிறது. அந்தப் பதிவேட்டில் இல்லாத மென்பொருள் ஓடும் சர்வருக்கு நம் போன் தரவைத் தராது. ஆராய்ச்சியாளர்கள் அந்த மென்பொருளைத் தங்கள் மேக்கிலேயே ஓட்டிப் பார்க்க, 2024 அக்டோபரில் ஒரு மெய்நிகர் சூழலையும் ஆப்பிள் வெளியிட்டது. ஓட்டையைக் கண்டுபிடிப்பவருக்கு 10 லட்சம் டாலர்வரை பரிசு. நம்புங்கள் என்று சொல்வதற்குப் பதிலாகச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லும் நிறுவனங்கள் மிகக் குறைவு.

பயனர் தானே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள், கீழே ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ரிப்போர்ட் என்று இருக்கும். கால அளவை 15 நிமிடம் அல்லது 7 நாள் என்று வைக்கலாம், அணைக்கவும் செய்யலாம். 7 நாளுக்கு மாற்றி வைத்து, வாரக் கடைசியில் ஏற்றுமதி செய்தால் ஜேசன் வடிவில் ஒரு கோப்பு கிடைக்கும். எந்தக் கோரிக்கை கருவியிலேயே முடிந்தது, எது பிரைவேட் கிளவுட் கம்ப்யூட்டுக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பாகவே திறக்கலாம். கேள்வியின் வாசகங்களும் அதில் வரக்கூடும் என்பதால் பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். பொதுக் கணினியில் திறக்காதீர்கள். குறைகள் இரண்டு: இவ்வளவு பயனுள்ள அறிக்கை மெனுவின் அடியில் ஒளிந்து கிடக்கிறது, மேலும், எந்திரம் படிப்பதற்கான வடிவில் இருப்பதால் பெரும்பாலோருக்குப் புரியாது.

மூன்றாவது இடம் ஓபன்ஏஐயின் சர்வர்கள். இங்கே கைரேகைப் பதிவேடு இல்லை, வெளியார் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் இல்லை. மேலே சொன்ன அறிக்கையும் அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டாது. கணக்கில்லாமல் கேட்டால் சேமிக்க மாட்டோம், பயிற்சிக்கு எடுக்க மாட்டோம் என்பது இரண்டு நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் உள்ள உறுதி. அந்த ஒப்பந்தம் பொதுவெளியில் இல்லை. அதன் சாரத்தை மட்டும் ஆப்பிள் நமக்குச் சொல்கிறது. முதல் இடத்தைக் காப்பது நம் கையில் இருக்கும் கருவி, இரண்டாவதைக் காப்பது சோதிக்கக்கூடிய நிரல், மூன்றாவதைக் காப்பது நாம் பார்க்காத காகிதம். ஓபன்ஏஐ பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உண்மை சொல்கிறதா என்று சரிபார்க்கும் கருவி நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

காகித உறுதிகளுக்கு வெளியிலிருந்தும் ஆபத்து வரும். நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின்மேல் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், அழிக்கப்படவேண்டிய உரையாடல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று 2025 மே 13 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. பயனர் தானே அழித்தவையும் தற்காலிக உரையாடல்களும்கூட அதில் அடங்கின. இலவசக் கணக்கு, பிளஸ், ப்ரோ, டீம் என்ற கட்டணக் கணக்குகள் எல்லாம் பாதிக்கப்பட்டன. பெருநிறுவனக் கணக்குகளும், தரவே வைத்திருக்கக் கூடாது என்று தனியாக ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர்களும் மட்டும் தப்பினார்கள். இந்தக் கடமை செப்டம்பர் 26 வரை நீடித்தது. பிறகு நவம்பரில், அடையாளங்கள் நீக்கப்பட்ட 2 கோடி உரையாடல்களை எதிர்த்தரப்பிடம் தரும்படி ஆணை வந்தது. ஓபன்ஏஐ இவற்றை எதிர்த்து வாதாடியது என்பதையும் சொல்ல வேண்டும். பயனருக்கு இதில் உள்ள பாடம் எளிது: ஒரு நிறுவனம் தரவை வைத்திருக்கும் நிலையில் இருந்தால், அழிப்பேன் என்ற சொல்லை நிறைவேற்றுவது அதன் கையில் மட்டும் இல்லை. கணக்கோடு நுழையாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பயன்பாட்டில் எங்கே தவறு நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் படங்களிலும் கோப்புகளிலும்தான். திரையில் இருப்பதைப் பற்றிக் கேட்கும்போது திரைப்பிடிப்பு முழுவதுமாகப் போகிறது. நாம் கேட்பது ஒரு வரைபடத்தைப் பற்றி. மேலே மின்னஞ்சல் முகவரி, ஓரத்தில் ஒருவரின் பெயர், கீழே பாதி தெரியும் செய்தி என்று எல்லாம் சேர்ந்து பயணப்படும். அனுமதிப் பெட்டி வரும்போது படத்தின் சிறு உருவம் தெரியும், நாம் அதைப் பார்ப்பதில்லை. வழி இதுதான்: தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்த படத்தைக் கொடுங்கள். ஆவணமாக இருந்தால் தேவையான பத்தியை மட்டும் நகலெடுத்து, தட்டச்சு செய்யும் சிரியில் ஒட்டுங்கள். ஐம்பது பக்க ஒப்பந்தத்தில் ஒரு விதியின் பொருளைக் கேட்க முழுக் கோப்பையும் கொடுத்தால், கையெழுத்துப் போட்டவர்களின் முகவரிகளும் சேர்ந்து போய்விடும். பிறருடைய மருத்துவ அறிக்கை, அலுவலக ரகசியம், குழந்தைகளின் படம் ஆகியவற்றை எந்தச் சாவி எப்படி இருந்தாலும் இந்த வாசல் வழியே அனுப்பக் கூடாது. அங்கே சம்மதம் தரும் உரிமை நம்முடையதல்ல.

விஷுவல் இன்டெலிஜென்ஸ் என்ற, கேமரா வழி அறியும் வசதியில் இன்னொரு குழப்பம். ஐபோன் 16-இல் கேமரா பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு பொருளைக் காட்டினால் ஒருபுறம் ஆஸ்க், மறுபுறம் சர்ச் என்று வரும். முதலாவது சாட்ஜிபிடிக்கு, இரண்டாவது கூகுளுக்கு. ஒரே திரையில் அருகருகே இருக்கும் இரண்டு பொத்தான்கள், படத்தை இரண்டு வேறு நிறுவனங்களிடம் கொண்டுபோகின்றன. பொத்தானின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இல்லை. இது மாற்றப்பட வேண்டிய வடிவமைப்பு.

பதிலின் அடியில் சாட்ஜிபிடி என்ற பெயரும், முக்கியமானவற்றைச் சரிபார்க்கச் சொல்லும் வரியும் வரும். எழுத்து சிறியது, ஆனாலும் இருக்கிறது. யாருடைய பதில் என்று தெரிவது நல்ல ஏற்பாடு. ஆப்பிள் தன் சொந்தப் பெயரில் சுருக்கம் தந்தபோது நடந்ததை இதோடு ஒப்பிடலாம். பிபிசியின் செய்தி அறிவிப்பைத் தவறாகச் சுருக்கி, நடக்காத ஒன்றை நடந்ததாக பிபிசியின் பெயரோடு காட்டியது. பிபிசி 2024 டிசம்பரில் புகார் செய்தது. 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்திவைத்தது. மாதிரி யாருடையது என்பதும், வார்த்தை யாருடையது என்பதும் கலந்துவிட்டால் பிழைக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போகும்.

புதுப்பிப்புகளுக்குப் பிறகு ஒருமுறை செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். 2025 ஜனவரி 27 அன்று வந்த ஐஓஎஸ் 18.3 முதல், பொருத்தமான கருவிகளில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் தானாகவே இயக்கத்தில் வருகிறது. அதற்கு முன் நாமே இயக்க வேண்டியிருந்தது. சாட்ஜிபிடி இணைப்பு தனி, அதை இன்னும் நாமேதான் நிறுவ வேண்டும். ஆனாலும் இயல்பு நிலை ஒருமுறை மாறியது என்பதைப் பார்த்தால், மறுமுறையும் மாறலாம் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

வீட்டில் குழந்தைகள் தொடும் கருவியானால் ஸ்கிரீன் டைமைப் பயன்படுத்துங்கள். அதில் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸை இயக்கி, சிரி தொடர்பான பகுதிக்குள் இன்டெலிஜென்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸை அனுமதிக்காதே என்று வைத்தால் சாட்ஜிபிடி வாசல் மூடிவிடும். ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவுச்சொல் போடாவிட்டால் இதில் பயனில்லை.

பணத்தின் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் மக்களின் சந்தேகம் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. இந்த ஏற்பாட்டில் ஆப்பிள் ஓபன்ஏஐக்குப் பணம் தரவில்லை, பல கோடிக் கருவிகளின் வாசலில் நிற்கும் இடமே அதற்குக் கூலி என்று அறிவிப்பு வந்த நாட்களிலேயே செய்திகள் வெளியாயின. இரண்டு நிறுவனங்கள் பணமில்லாமல் கைகுலுக்கினால், கைமாறுவது நம் கவனமும் பழக்கமும்தான். தேடலில் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். சஃபாரியில் இயல்பான தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்தது. கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். சிரிக்குள் இருக்கும் ஒரே வெளி மாதிரி சாட்ஜிபிடி என்பதை எதிர்த்து எக்ஸ்ஏஐயும் எக்ஸ் நிறுவனமும் 2025 ஆகஸ்டில் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தன. தொடுத்தவர் யார் என்பதை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், எக்ஸ்டென்ஷன்ஸ் என்று பன்மையில் பெயரிட்ட பட்டியலில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பது பயனருக்கும் குறைதான்.

மற்றக் கூட்டணிகளோடு ஒப்பிட்டால் இது தளர்வானது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் 100 கோடி டாலரில் தொடங்கி ஓபன்ஏஐயில் முதலீட்டைப் பெருக்கி, 2025 அக்டோபர் மறுசீரமைப்பில் சுமார் 27 சதவீதப் பங்கோடு நின்றது. ஆந்த்ரோபிக்கில் அமேசான் 800 கோடி டாலர் போட ஒப்புக்கொண்டது. கூகுளும் அதில் முதலீடு செய்திருக்கிறது. இந்த உறவுகளை அமெரிக்க வணிக ஆணையம் 2024 ஜனவரி முதல் ஆராய்ந்து, மறு ஆண்டு ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. முதலீடாகத் தரும் பணம் அதே நிறுவனத்தின் கிளவுட் சேவைக்கே திரும்பி வரும்படி ஒப்பந்தங்கள் அமைந்திருப்பதை அது விளக்கியது. ஆப்பிளுக்கு ஓபன்ஏஐயில் அப்படிப் பங்கு இல்லை. அதன் இயக்குநர் குழுவில் பார்வையாளராக ஆப்பிளின் ஃபில் ஷில்லர் அமரவிருக்கிறார் என்று வந்த செய்தியும் 2024 ஜூலையில் கைவிடப்பட்டதாக முடிந்தது. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் கூட்டணி என்பதால், பயனரும் வேண்டாம் என்றால் அணைத்துவிட முடிகிறது. மாதிரி இயங்குதளத்துக்குள் புதைந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் சுருங்கும்.

அடுத்த கட்டம் அந்தத் திசையில்தான் போகிறது. ஆப்பிளின் அடுத்த தலைமுறை மாதிரிகள் கூகுளின் ஜெமினியை அடிப்படையாகக் கொண்டு அமையும் என்று 2026 ஜனவரி 12 அன்று இரு நிறுவனங்களும் கூட்டாக அறிவித்தன. பல ஆண்டு ஒப்பந்தம். ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் தொடர்ந்து கருவியிலும் பிரைவேட் கிளவுட் கம்ப்யூட்டிலும்தான் ஓடும் என்ற உறுதியும் அதில் இருக்கிறது. சாட்ஜிபிடி வாசலில் நின்று கேட்டது. ஜெமினி சுவருக்குள் கட்டப்படும் செங்கல். அதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் பெட்டி வருமா என்று பார்ப்பதைவிட, அது எந்தப் பூட்டுக்குப் பின்னால் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தப் புதிய சிரி கைக்கு வரும் நாளில் செய்யவேண்டிய சோதனையை இப்போதே சொல்லிவிடலாம். புதுப்பிக்கும் முன் அறிக்கையை 7 நாளுக்கு வைத்து ஒரு வாரக் கோப்பை எடுத்து, எத்தனை கோரிக்கைகள் கருவியில் முடிந்தன, எத்தனை பிரைவேட் கிளவுட் கம்ப்யூட்டுக்குப் போயின என்று எண்ணி வையுங்கள். புதுப்பித்த பின் அதே வாரப் பழக்கத்தோடு இன்னொரு கோப்பை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அங்கே போவது கூடியிருக்கிறதா, ஆப்பிளின் பெயரைத் தவிர வேறு இயங்குமிடம் ஏதாவது அந்தக் கோப்பில் புதிதாக வந்திருக்கிறதா என்பது அதில் தெரியும். ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் பக்கத்தில் உள்ள தனியுரிமைக் குறிப்பையும் இன்றே ஒரு திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். கூகுள் என்ற சொல் அதில் எந்த வரியில் வருகிறது, அந்த வரி சேமிப்பதைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் என்ன சொல்கிறது என்பதைப் பழைய வாசகத்தோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். அதுவரை: கணக்கில்லாமல், கன்ஃபர்ம் ரிக்வெஸ்ட்ஸ் இயக்கத்தில், படங்களை வெட்டிய பிறகு மட்டும்.